அப்பாவின் காய்ச்சல் பொடிக்கு எந்த உரிமம்?

"அண்ணே, அப்பா பொடியைப் பாக்கெட்டில் போட்டு விற்கலாம்னு இருக்கேன். எந்த லைசென்ஸ் எடுக்கணும்?"

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் போனில் இப்படிக் கேட்டார். "சித்த மருந்து லைசென்ஸ்தான், வேறென்ன?" என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். முன்பு இரண்டு பேருக்கு அப்படித்தான் சொன்னேன். இரண்டு பேருமே தப்பான வாசலில் போய் நின்று ஆளுக்கொரு வருஷத்தைத் தொலைத்தார்கள். அதனால் இந்த முறை "நேரில் வாங்க, பொடியும் கொண்டு வாங்க" என்றேன்.

வந்தார். பழுப்பும் பச்சையும் கலந்த பொடி, காக்கி நிறக் காகிதத்தில் மடித்தது. அடிப்படை நிலவேம்புக் குடிநீர்தான். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு என்று ஒன்பது சரக்கு. அப்பா தன் கைப்பாகமாக இரண்டைச் சேர்த்திருக்கிறார்: சீந்தில் தண்டு, நிழலில் உலர்த்திய பப்பாளி இலை. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. பரம்பரை வைத்தியர், பதிவும் உண்டு. மகன் பி.காம். படித்துவிட்டு செல்போன் கடை வைத்திருப்பவர். வைத்தியப் பதிவு எதுவும் கிடையாது. இந்த விவரம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

ஒரே பொடிதான். ஆனால் அதைச் சட்டப்படி விற்க நம் நாட்டில் குறைந்தது ஐந்து வாசல்கள் இருக்கின்றன. வாசலைப் பொறுத்து அலுவலகமும் சட்டமும் செலவும் மாறும். எல்லாவற்றையும்விட முக்கியம், பாக்கெட்டின் மேல் எழுத அனுமதிக்கப்படும் வாசகம் ஒவ்வொன்றிலும் வேறு. நண்பரிடம் நான் முதலில் கேட்டதும் அதைத்தான்: "உங்க பாக்கெட்டில் என்ன எழுத ஆசைப்படுறீங்க?"

"டெங்குவுக்கு நல்லதுன்னு போடணும்ணே."

சரி, அங்கிருந்தே தொடங்கலாம்.

உரிமமே வேண்டாம் என்பதும் ஒரு வழிதான். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கென்று தனி அத்தியாயம் 1964-இல் சேர்க்கப்பட்டது. உரிமம் இல்லாமல் தயாரிக்கக் கூடாது, அப்படித் தயாரித்ததை விற்கக் கூடாது என்று சொல்லும் அதே பிரிவு, தங்கள் சொந்த நோயாளிகளுக்காக மருந்து செய்து கொடுக்கும் வைத்தியர்களையும் ஹக்கீம்களையும் விலக்கி வைக்கிறது. அப்பா இத்தனை வருஷமாக நாடி பார்த்து, பொடி மடித்துக் கொடுத்துக் கொண்டிருப்பது அந்த விலக்கின் நிழலில்தான். பப்பாளி இலை சேர்த்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆளைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைத்தாலும் கேட்க மாட்டார்கள். ஆனால் எதிரே நோயாளி உட்கார்ந்திருக்க வேண்டும். கூரியரில் அனுப்புவதோ, பக்கத்து மளிகைக் கடையில் இருபது பாக்கெட் வைப்பதோ அந்த விலக்கில் அடங்காது. இன்னொன்று, அந்த விலக்கு வைத்தியர் என்ற ஆளைச் சார்ந்தது, பொடியைச் சார்ந்தது அல்ல. அப்பா இருக்கும் வரைதான் அது இருக்கும். மகன் இப்போது அவசரப்படுவதற்கு உண்மையான காரணம் அதுதான் என்பது பேச்சு வளர வளரத்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்த வாசல் நூல் மருந்து. சட்டத்தின் முதல் அட்டவணையில் சித்த மருத்துவத்துக்கென்று சுமார் முப்பது நூல்களின் பட்டியல் இருக்கிறது. போகர் 700, புலிப்பாணி 500, அகத்தியர் பெயரில் பல நூல்கள், சித்த வைத்தியத் திரட்டு, அப்புறம் அரசே தொகுத்து வெளியிட்ட சித்த மருந்துச் செய்முறைத் தொகுப்பு. இவற்றில் ஒன்றில் சொன்ன செய்முறைப்படி, அதை மட்டுமே பின்பற்றிச் செய்தால் அது 3(ஏ) பிரிவு மருந்து. பாட்டு மனப்பாடமாகத் தெரிந்தால் போதாது. அட்டவணையில் உள்ள எந்த நூல், எந்தப் பக்கம் என்று நகல் எடுத்து வைக்க வேண்டும்.

இந்த வழியில் ஆய்வுச் சுமை மிகக் குறைவு. 2010 ஆகஸ்டில் வந்த 158பி விதி, நூல் மருந்துக்கு நூலில் சொன்ன நோய்க்கே உரிமம் கேட்டால் தனியாகப் பாதுகாப்பு ஆய்வு கேட்பதில்லை. பலனுக்கு நூலும் வெளியான கட்டுரைகளும் சான்றாகப் போதும் என்கிறது. மருந்து சரியான சரக்கில் செய்யப்பட்டதா என்பதற்கு ஆய்வக அறிக்கை உண்டு, அதில் தப்பிக்க முடியாது. ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கு, ஆர்செனிக் 3, காட்மியம் 0.3, பாதரசம் 1. இவற்றுக்கு மேல் போகக் கூடாது. பூஞ்சை, நுண்ணுயிர் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் வரம்பு இருக்கிறது. மழைக்காலத்தில் சரியாகக் காயாத நிலவேம்பை மூட்டை கட்டி வைத்தவர்கள் பெரும்பாலும் விழுவது உலோகத்தில் அல்ல, பூஞ்சையில்தான்.

நண்பரின் முகம் பிரகாசமானது. "அப்போ இதையே எடுத்துடலாமே?"

எடுக்கலாம், பப்பாளி இலையையும் சீந்திலையும் வெளியே எடுத்துவிட்டால். நூல் மருந்து என்றால் நூலில் உள்ளது மட்டும்தான். ஒரு சரக்கு கூடினாலும் அது வேறு மருந்து, குறைந்தாலும் வேறு மருந்து. குறைந்தாலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சந்தையில் நடக்கும் தப்பு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஒன்பதில் ஒன்று சந்தனம். சந்தனக் கட்டை கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும்போது, ஐம்பது ரூபாய் பாக்கெட்டில் எவ்வளவு சந்தனம் இருக்க முடியும் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பற்படாகம் என்று கேட்டால் கடைக்குக் கடை வேறு வேறு செடியைக் கொடுப்பார்கள். லேபிளில் தாவரப் பெயரும், எந்த உறுப்பு, எவ்வளவு என்பதும் போட வேண்டும் என்பதால், "கடைக்காரர் கொடுத்தார், அரைத்தேன்" என்பது இங்கே செல்லாது.

இந்த வாசலின் இன்னொரு குறை வியாபாரக் குறை. நூல் மருந்து யாருக்கும் சொந்தமில்லை. சென்னை திருவான்மியூரில் 1944 முதல் இயங்கும் இம்ப்காப்ஸ் வைத்தியர்கள் கூட்டுறவு, 1983-இல் தமிழக அரசு தொடங்கிய மருந்து நிறுவனமான டாம்ப்கால், இவர்களோடு எத்தனையோ தனியார் என்று எல்லோரும் செய்வது ஒரே பாகம். 2012 டெங்குக் காலத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே நிலவேம்புக் குடிநீரை இலவசமாக ஊற்றிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட பொருளில் உங்கள் பாக்கெட்டை ஏன் எடுக்க வேண்டும் என்பதற்குச் சொல்ல ஒன்றும் இருக்காது, சுத்தமான சரக்கு என்பதைத் தவிர. அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆகவே எல்லோரும் ஓடுவது மூன்றாவது வாசலுக்கு. சட்டம் அதை 'பேட்டன்ட் அல்லது தனியுரிமை மருந்து' என்று அழைக்கிறது. 3(எச்) பிரிவு. இந்தப் பெயர் செய்த குழப்பத்துக்கு அளவே இல்லை. "எங்க மருந்துக்கு பேட்டன்ட் வாங்கியிருக்கோம் சார்" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காட்டச் சொன்னால் 25டி படிவத்தில் உள்ள உற்பத்தி உரிமத்தைக் காட்டுவார்கள். காப்புரிமைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பாரம்பரிய அறிவை அப்படியே எடுத்துக் காப்புரிமை கேட்டால் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(p) பிரிவு அதை மறுக்கும். இங்கே 'தனியுரிமை' என்றால், கலவை உங்களுடையது, பெயர் உங்களுடையது. அவ்வளவுதான்.

நிபந்தனை ஒன்று உண்டு. கலவை புதிதாக இருக்கலாம், சரக்கு புதிதாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு சரக்கும் அட்டவணை நூல்களின் ஏதாவது ஒரு செய்முறையில் வந்திருக்க வேண்டும். சீந்திலுக்குக் கவலை இல்லை. அது எத்தனையோ சூரணங்களிலும் குடிநீர்களிலும் இருக்கிறது. பப்பாளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த மரம். டெங்குவுக்கு அதன் இலை என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது நம் காலத்தில். அதன் பழமோ பாலோ அல்ல, இலை எந்த நூலில், எந்த மருந்தில் என்று அதிகாரி கேட்டால் பக்கத்தைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது இந்த வாசலில் நுழையாது. அப்பா நாற்பது வருஷமாகக் கொடுத்து வருகிறார் என்பது பதிலாகாது.

எனக்கு இங்கே ஒரு மனக்குறை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் கொண்டுவந்த விதிப்படி, ஒரு மூலிகை மருந்து 30 ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பதையும், அதில் 15 ஆண்டுகள் ஒன்றியத்துக்குள் இருப்பதையும் காட்டினால் பாரம்பரிய மருந்தாகப் பதியலாம். நம் சட்டத்தில் வருஷத்துக்கு மதிப்பில்லை, ஏட்டுக்குத்தான் மதிப்பு. ஏட்டில் ஏறாத கைமுறை, மலையடிவாரத்தில் வாய்வழியாக வந்த பக்குவம், அம்மாக்கள் கைமருந்து எதற்கும் இங்கே கதவு இல்லை. அதே சமயம் ஏட்டில் உள்ளது என்ற ஒரே காரணத்தால் எதுவும் சுலபமாகக் கடந்துவிடுகிறது. இரண்டு முறைகளில் எது சிறந்தது என்று கேட்டால், ஏடு, கால அளவு இரண்டையும் ஏற்றுக்கொண்டு, இரண்டுக்குமே கொஞ்சம் ஆய்வும் கேட்கும் முறை நமக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். இப்போதைக்கு இருப்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தனியுரிமை மருந்துக்கு 158பி விதி கேட்பது முன்னோட்ட ஆய்வு. எட்டி, நாபி, பாதரசம், பாஷாணம் போன்ற நச்சுப் பட்டியல் சரக்குகள் இருந்தால் பாதுகாப்பு ஆய்வும் சேர்ந்துகொள்ளும். நம் பொடியில் அப்படி எதுவும் இல்லை. தண்ணீரில் இறக்கிய சாறு என்றால் சுமை லேசு. வேறு கரைப்பான்களில் இறக்கிய சாறு என்றால் விலங்குகளில் நச்சுத்தன்மைச் சோதனை, மரபணுச் சேதத்துக்கான சோதனை, கருவில் ஏற்படும் விளைவுகளுக்கான சோதனை என்று பட்டியல் நீளும். பொடியாகவே விற்பவருக்கு மிஞ்சுவது அந்த முன்னோட்ட ஆய்வு மட்டும்தான். கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு சித்த மருத்துவமனையோ கல்லூரியோ, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், சில பத்து நோயாளிகள், முறையான பதிவேடு.

மூட்டு வலிக்கான தைலம் என்றால் இது முடியக்கூடியது. தேய்க்கும் முன் வலி எவ்வளவு, ஒரு மாதம் கழித்து எவ்வளவு என்று குறித்தால் ஏதோ ஒன்று கிடைக்கும். காய்ச்சல் அப்படி அல்ல. பெரும்பாலான வைரஸ் காய்ச்சல் ஐந்தாறு நாளில் தானே இறங்கிவிடும். மூன்றாம் நாள் வைத்தியரிடம் வந்து, ஆறாம் நாள் குணமான ஒருவரைக் காட்டி "இந்தப் பொடிதான் குணமாக்கியது" என்று எப்படி நிறுவுவது? பொடி குடிக்காத இன்னொரு கூட்டமும் வேண்டும்; அவர்களுக்கும் அதே காய்ச்சல்தானா என்று ரத்தப் பரிசோதனை வேண்டும். சிறு தயாரிப்பாளரின் கைக்கு இது எட்டுமா என்று நண்பரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பொடியை மறுபடி மடித்தார்.

விளம்பரச் சங்கதி இதைவிடக் கடுமை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் 54 நோய்கள் உள்ளன. புற்றுநோய், நீரிழிவு, ரத்த அழுத்தம், உடல் பருமன் எல்லாம் அதில் இருப்பது பலருக்குத் தெரியும். 'பொதுவாகக் காய்ச்சல்கள்' என்று ஒரு வரியும் அதில் இருப்பது பலருக்குத் தெரியாது. இவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. அந்தச் சட்டத்தின்படி விளம்பரம் என்பது பத்திரிகையும் டிவியும் மட்டுமல்ல. நோட்டீஸ், லேபிள், மேலுறை எல்லாமே விளம்பரம்தான். நண்பரின் "டெங்குவுக்கு நல்லது" பாக்கெட்டின் முன்பக்கத்தில் ஏறவே முடியாது.

ஆயுஷ் (ஆயுர்வேதம், சித்தம், யுனானி போன்றவை) மருந்து விளம்பரத்துக்கு முன்கூட்டியே மாநில அதிகாரியிடம் அனுமதி எண் வாங்க வேண்டும் என்று 170-ஆம் விதி 2018-இல் வந்தது. 2024 ஜூலையில் மத்திய அரசு அந்த விதியையே நீக்கியது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை நிறுத்தி வைத்தது. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த அந்த வழக்கு 2025 ஆகஸ்டில் முடித்துவைக்கப்பட்டதோடு தடையும் போய்விட்டது. முன் அனுமதி போனதைப் பார்த்து "இனி என்ன வேண்டுமானாலும் எழுதலாம்" என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. 1954 சட்டம் எங்கும் போகவில்லை; அது அப்படியே இருக்கிறது.

"அப்போ இந்த ஆயுஷ் தொல்லையே வேண்டாம்ணே. ஹெல்த் டிரிங்க் மாதிரி உணவு லைசென்ஸில் போட்டுடலாம். பக்கத்து ஊர்க்காரர் அப்படித்தான் போடுறார்."

எதிர்பார்த்த கேள்விதான். 2006-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2016-இல் ஊட்டச்சத்துப் பொருட்களுக்கென்று வந்த விதிமுறைகள் மூலிகைகளின் பட்டியலையும், ஒரு நாளைக்கு எவ்வளவு வரை என்ற வரம்பையும் தருகின்றன. பட்டியலில் உள்ள மூலிகை, அந்த வரம்புக்குள் என்றால் நூல் பக்கம் வேண்டாம், முன்னோட்ட ஆய்வு வேண்டாம். ஆன்லைனில் விண்ணப்பம். சூப்பர் மார்க்கெட்டில் அடுக்கலாம், ஏற்றுமதிக்காரர்களும் விரும்புவார்கள். வேகத்தில் மற்ற எதுவும் இதற்கு ஈடில்லை.

விலை என்னவென்றால், வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று லேபிளில் பளிச்சென்று போட வேண்டும். காய்ச்சல், கபம், சுரம் எதுவும் வரக் கூடாது. மருந்தாக வழங்கிவரும் பெயரும் சிக்கல்தான். நிலவேம்புக் குடிநீர் என்ற பெயரை வைத்துக்கொண்டு "இது உணவு" என்று வாதாடினால், கேட்கும் அதிகாரி சிரிக்கத்தான் செய்வார். அதன் கசப்பைத் தெரிந்தவர்கள் யாரும் அதை உணவு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது வேறு விஷயம். பக்கத்து ஊர்க்காரர் உணவு உரிம எண்ணை லேபிளில் போட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் "பிளேட்லெட் ஏறும்" என்று வீடியோ அனுப்பிக் கொண்டிருக்கிறார். இரண்டு சட்டங்களையும் ஒரே நேரத்தில் மீறுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

2022 மே மாதம் 'ஆயுர்வேத ஆகாரம்' என்று ஒரு தனி வகையை உணவு விதிகளில் கொண்டுவந்தார்கள். பாரம்பரிய நூலில் சொன்ன உணவை அந்தப் பெயரிலேயே விற்க வழி. நல்ல யோசனை. ஆனால் அதன் நூல் பட்டியல் ஆயுர்வேத நூல்களோடு நிற்கிறது. சித்த நூல்களில் சொன்ன கஞ்சிக்கும் களிக்கும் அங்கே இடமில்லை. உளுந்தங்களி விற்க நினைப்பவர் பொது உணவு உரிமத்தில்தான் போக வேண்டும்.

அப்படியானால் உணவு வாசல் யாருக்கு? சுக்குமல்லி காபிப் பொடி, ஆவாரம்பூ உலர்த்தியது, நெல்லி மிட்டாய், முருங்கைப் பொடி போன்றவற்றுக்கு அது மிகச் சரியான இடம். நோயின் பெயரைச் சொல்லாமலேயே இவை விற்கும். மக்களுக்கு ஏற்கெனவே தெரியும். சொல்லித்தான் விற்க முடியும் என்ற பொருளுக்கு அது பொருந்தாது.

ஐந்தாவது வாசல் ஒன்று இருக்கிறது, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 2015 நவம்பரில் மத்திய அரசு 'பைட்டோபார்மாசூட்டிகல்' என்ற வகையை உண்டாக்கியது. ஒரு மூலிகையின் சாற்றைச் சுத்திகரித்து, அதில் குறைந்தது நான்கு வேதிப்பொருட்களை இன்ன அளவு என்று வரையறுத்து, டெல்லியில் உள்ள மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் புதிய மருந்தாகவே விண்ணப்பிக்க வேண்டும். நூல் தேவையில்லை, மனிதர்களில் கட்டம் கட்டமாகச் சோதனை தேவை. நம் வேலிகளில் படரும் கட்டுக்கொடியின் சாற்றை சன் ஃபார்மா நிறுவனம் டெங்குவுக்காக எடுத்துக்கொண்டு, 2020-இல் கொரோனாவுக்கு இரண்டாம் கட்டச் சோதனை நடத்த அனுமதி பெற்றது இந்த வழியில்தான். பெரிய நிறுவனம், மத்திய அரசின் ஆய்வு நிலையங்கள் எல்லாம் சேர்ந்து இழுத்த தேர் அது. செல்போன் கடை லாபத்தில் இழுக்க முடியாது. "டெங்குவைக் குணமாக்கும்" என்று ஆதாரத்தோடு சொல்ல வேண்டுமானால் போக வேண்டிய வாசல் இதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நண்பர் ஆசைப்பட்ட வாசகத்தின் உண்மையான விலை அது.

இனி எங்கே தயாரிப்பது என்ற கேள்வி. சொந்தக் கூடம் என்றால் அட்டவணை 'டி' (T) சொல்லும் நல்ல உற்பத்தி முறைகளைப் பின்பற்ற வேண்டும். 1200 சதுர அடி கட்டடம், சரக்கு வைக்க, அரைக்க, நிரப்ப, லேபிள் ஒட்ட என்று தனித்தனித் தடுப்புகள், பேட்ச் பதிவேடு. மேற்பார்வைக்குத் தகுதியான ஆள் வேண்டும். சித்த மருத்துவப் பட்டதாரி இருக்கலாம், தயாரிப்பில் நான்கு வருஷ அனுபவமுள்ள பதிவு பெற்ற வைத்தியரும் இருக்கலாம். இந்த இரண்டாவதைப் படித்ததும் நண்பர் "அப்பாவையே போடலாமே" என்றார். போடலாம், வீட்டில் நோயாளிகளுக்கு அரைத்ததை அனுபவமாக ஏற்பார்களா என்பது அதிகாரியின் கையில். ஏற்றாலும் அந்த வயதில் இருப்பவரை மட்டும் நம்பி ஒரு தொழிற்கூடத்தைத் தொடங்குவது சரியில்லை.

மற்றது லோன் லைசென்ஸ். ஏற்கெனவே உரிமம் உள்ள கூடத்தில், உங்கள் பெயரில், உங்கள் மருந்தைச் செய்து வாங்குவது. கட்டடச் செலவு மிச்சம். கஷ்டம் எங்கே என்றால், சரக்கு உங்கள் கண்ணில் படாது. எனக்குத் தெரிந்த ஒருவர் நல்ல ஆடாதோடை இலை வாங்கிக் கொடுத்து அனுப்பினார். திரும்பி வந்த பொடி வேறு நிறத்தில் இருந்தது. கேட்டதற்கு "மெஷின் சூட்டில் நிறம் மாறும்" என்றார்கள். மாறும்தான், ஆனால் வாசனை கூடவா மாறும்? அதன் பிறகு அவர் அரைக்கும் நாளில் ஸ்டூல் போட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்கிறார். லோன் லைசென்ஸ் எடுப்பவர்களுக்கு என் அறிவுரை அந்த ஸ்டூல்தான்.

ஆயுஷ் வாசல்கள் எதில் போனாலும் விண்ணப்பம் மாநிலத்துக்குத்தான், தமிழ்நாட்டில் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள துறைக்கு. 2021 அக்டோபர் திருத்தத்துக்குப் பிறகு எல்லாம் இ-ஔஷதி தளம் வழியாக. முடிவு சொல்லும் காலக்கெடுவை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்திருக்கிறார்கள். தாளில் குறைபாடு என்று திருப்பி அனுப்பினால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து என்று வைத்துக்கொண்டால் மனசு நோகாது. சித்த மருந்தை விற்பதற்குக் கடைக்காரருக்குத் தனி விற்பனை உரிமம் தேவையில்லை. மெடிக்கல் ஷாப், நாட்டு மருந்துக் கடை, மளிகைக் கடை எதிலும் வைக்கலாம். ஆங்கில மருந்துக்கு இல்லாத சலுகை இது. சிறு தயாரிப்பாளருக்கு நூல் மருந்தின் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் முடிவை நண்பரிடம் இப்படிச் சொன்னேன். தனியுரிமை மருந்தை இப்போது தொடாதீர்கள். பப்பாளி இலைக்குப் பக்கம் கிடைக்காது, காய்ச்சலுக்கு முன்னோட்ட ஆய்வு நடத்த முடியாது, நடத்தினாலும் முன்பக்கத்தில் எழுத முடியாது. மூன்று கதவும் சாத்தியிருக்கும் வீட்டுக்கு வாடகை கொடுப்பது போல. உணவு உரிமமும் வேண்டாம், உங்கள் பொருள் மருந்து. ஒன்பது சரக்கு நிலவேம்புக் குடிநீரை, சந்தனம் உட்பட, லோன் லைசென்ஸில் நூல் மருந்தாகப் போடுங்கள். விலை ஐம்பதுக்கு வராது. நூறைத் தாண்டட்டும். சரக்கு வாங்கிய ரசீதையும் பேட்ச் வாரியான ஆய்வக அறிக்கையையும் கேட்பவர்களுக்குக் காட்டுங்கள். நோயைப் பற்றிப் பேச முடியாத இடத்தில் சரக்கைப் பற்றிப் பேசலாம். அதற்குத் தடை இல்லை.

"அப்பா சேர்த்த ரெண்டு சரக்கு?"

அது அப்பாவிடமே இருக்கட்டும், அவருடைய நோயாளிகளுக்கு, காக்கிக் காகிதத்தில். சீந்தில் மட்டும் சேர்த்த பாகத்தை என்றைக்காவது தனியுரிமை மருந்தாகக் கொண்டுபோக ஆசை இருந்தால், இன்றிலிருந்தே பதிவேடு எழுதச் சொல்லுங்கள் என்றேன். அது ஆய்வு ஆகாது. ஆனால் பின்னால் ஒரு கல்லூரியில் ஆய்வுக்குப் போய் நிற்கும்போது வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்காது.

இரண்டு மாதம் கழித்து நண்பர் அந்த நோட்டுப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அழகான கையெழுத்து. பெயர், ஊர், வந்த கிழமை, நாடி, கொடுத்த பொடியின் அளவு எல்லாம் இருந்தது. கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு வரியிலும் 'சுரம் விட்டது' என்று மட்டும். எத்தனை டிகிரியிலிருந்து, எந்தத் தேதியில் என்று எங்கும் இல்லை.

"தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக் கொடுத்திருக்கேன்ணே" என்று கீழே ஒரு வரி அனுப்பியிருந்தார். "நாடி பிடிக்கத் தெரிஞ்சவனுக்கு அது எதுக்குன்னு கேட்கிறார்."